நிற்கக் கூடாத ரம்பம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ரம்பத்தில் இரண்டு பல்லைக் காணோம். சனிக்கிழமை சாயங்காலம் படகுப் பட்டறைத் தூணில் மாட்டிவிட்டு வந்தபோது முழுசாகத்தான் இருந்தது. இன்று காலை பார்த்தால் நடுவில் ஓட்டை. தானாக விழுவதற்கு அதென்ன என் வாயில் இருக்கும் பல்லா? யாரோ எடுத்து அறுத்திருக்கிறான், ஆணியில் விட்டிருக்கிறான், வாயை மூடிக்கொண்டு திரும்ப மாட்டியிருக்கிறான்.

கேட்டேன். வேலையாட்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சாவல் மட்டும் சிரித்தான்.

"அதுக்கு வயசாயிருச்சு மச்சான். பேசாம ரிட்டயர் பண்ணி விட்டுருங்க."

என் மனைவி ஹஸ்னாவின் தம்பி என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். மற்றவர்கள் சும்மா இருக்கும்போது இவன் மட்டும் ஏன் பேச வேண்டும்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புதுப் படகுக்கு முதுகெலும்பாகும் அடிக்கட்டை வந்து இறங்கியது. நல்ல உலின் மரம். வாய்ச்சியால் தட்டினால் இரும்பு மாதிரி சத்தம் கொடுக்கிறது. படகு கட்டச் சொல்லியிருக்கும் ஹாஜி ரப்பே செலாயர் தீவிலிருந்து கூடவே வந்திருந்தார். கட்டையின் இரு முனையையும் அறுத்துப் படகு வேலையைத் தொடங்கும் முனை அறுப்புச் சடங்குக்கு 21ஆம் தேதி காலை என்று நாள் குறித்தாயிற்று.

காப்பி குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மேஸ்திரி, மெஷின் சத்தம் என் படகுக்கு ஆகாது. நீங்க கையாலதான் அறுக்கணும். ஒரே மூச்சு. நடுவுல ரம்பம் நின்னுச்சுன்னா இந்தப் படகு எனக்கு வேணாம். எங்கப்பா படகுக்கு அப்படி நின்னுச்சு. படகும் வரல, அவரும் வரல."

அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ரம்பம் நின்ற படகு நடுக்கடலில் நிற்கும் என்பது இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். அப்படி நின்றால் மரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார். அப்புறம் எவன் என்னை நம்பி அடிக்கட்டை இறக்குவான்?

ரம்பத்தின் பல் போனதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஹஸ்னா சொல்கிறாள்: "புதுசு ஒண்ணு வாங்கித் தொலைச்சா என்ன? கிழவனுக்குப் பல்லு கட்டுறாப்ல இதுக்கு எவ்வளவுதான் கட்டுவீங்க?"

போன வருடம் சந்தையில் புதிது வாங்கினேனே! தகடு மெல்லிசு. உலினில் வைத்ததும் கள் குடித்தவன் நடை மாதிரி கோணிக்கொண்டு போனது. என் ரம்பம் கோட்டை விட்டு விலகியதில்லை. அதன் பிடிக்கு என் உள்ளங்கை தெரியும்.

கொல்லன் தொம்போவிடம் எடுத்துப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு பல்ல மட்டும் ஒட்ட முடியாதுண்ணே. மொத்தப் பல்லையும் வெட்டி எறிஞ்சிட்டு, உள்ள தள்ளிப் புதுசா வெட்டணும். தகடு கொஞ்சம் குறுகும், அவ்வளவுதான். வச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போவதா? பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வந்து, நாளைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

"என் பொண்டாட்டியக்கூட நான் இப்படிக் காவல் காத்ததில்லண்ணே" என்றான் தொம்போ. சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தொம்போவின் உலைக்களத்தில் இருந்தேன். பல் எல்லாம் வெட்டிவிட்டான். அரம் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சாவல்! பின்னால் சாக்கில் சுற்றிய நீளமான எதையோ கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

"என்னடா அது?"

"கரும்பு மச்சான்."

கரும்பு என்றால் ஏன் வளைகிறது? தொம்போவைத் தனியாகக் கூப்பிட்டு வேலிப் பக்கம் நின்று என்னவோ பேசினான். இருவரும் என் பக்கம் பார்த்தார்கள். தொம்போ தலையாட்டினான்.

போதும். ரம்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"அண்ணே, பல்லு இன்னும் விரிக்கலண்ணே! விரிக்காம உலின்ல வச்சா கவ்விக்கும்!"

விரிப்பதை நானே செய்துகொள்கிறேன். ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் சாய்ப்பது பெரிய வித்தையா என்ன? பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பேனா நான்?

ஆகஸ்ட் 9, சனி

ரம்பத்தைப் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். ஹஸ்னா வேறு பாய் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கரும்பு என்ன கரும்பு என்று இன்று தெரிந்துவிட்டது. எல்லாரும் தொழுகைக்குப் போன நேரத்தில் சாவலின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். (இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பார்த்தேன்.) புது ரம்பம். தகடு கனமானது, சந்தைச் சரக்கு இல்லை, மக்காஸரிலிருந்து வரவழைத்திருக்க வேண்டும். பல்லில் மரத்தூள். சிவப்புத் தூள். உலின்!

வெட்டுத்துண்டுகளில் பழகிக்கொண்டிருக்கிறான். என்னுடைய பல்லை உடைத்துவிட்டு, தனக்குப் புதிது வாங்கி, பழகவும் செய்கிறான். 21ஆம் தேதி என் கை நிற்க வேண்டும், இவன் கை தொடங்க வேண்டும், அதுதானே கணக்கு? பத்து வருடம் என் சோறு. அடப்பாவி.

ஹஸ்னாவிடம் சொன்னேன். "என் தம்பிக்கு அவ்வளவு மூளை இருந்தா அவன் ஏன் உங்ககிட்ட வேலை பாக்குறான்?" என்றாள். அக்காவும் தம்பியும் ஒன்று. எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பல் விரித்து முடித்தேன். கண்ணாடி போட்டும் கடைசிப் பல்லெல்லாம் மங்கலாகத்தான் தெரிகிறது. விரலால் தடவிப் பார்த்தேன். போதும் என்றுதான் தோன்றுகிறது.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. பட்டறையில் வைத்துப் பார்த்தால் சாவல் பார்ப்பான். வீட்டுச் சமையலறையில் தென்னம்பலகை பெஞ்சு இருந்தது. ஒரு காலை அறுத்தேன். வெண்ணெய்.

ஹஸ்னா என்னோடு பேசுவதில்லை. பெஞ்சு மூன்று காலில் நிற்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

தொம்போ ஆள் விட்டிருக்கிறான் — ரம்பத்தைக் கொண்டு வரட்டும், காசு வேண்டாம், விரித்துத் தருகிறேன் என்று. காசு வேண்டாமாம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். போகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்தோனேசியா சுதந்திரம் வாங்கிய நாள். கரையெல்லாம் கொடி. சாவல் சாக்கு ஓட்டத்தில் முதல் பரிசு. அதிலும் ஏதாவது செய்திருப்பான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. சேவல், வாழைப்பழம், பசையரிசிச் சோறு. ஹாஜி அடிக்கட்டையின் தலைமாட்டில் கண்ணை மூடி, கையேந்தி நின்றார். அறுபட்டு விழும் துண்டு மண்ணைத் தொடக் கூடாது. அதைத் துணியில் தாங்கிப் பிடிக்கும் ஆள் சாவல். எனக்கு எதிர்ப்பக்கம், கட்டைக்குக் கீழே குந்தியிருந்தான். தோளிலிருந்து தரைவரை வெள்ளைத் துணி. அவனைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலைப் பார்த்து நின்று அறுக்கத் தொடங்கினேன். முதல் பாதி நன்றாகப் போயிற்று. அப்புறம் ரம்பம் கனத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவ்வியது. கவ்விக்கும், கவ்விக்கும் என்று தொம்போ குரல் காதில். யா அல்லா, நிக்கப் போகுது, இதோ நிக்கப் போகுது — ஹாஜியின் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. அவர் காதெல்லாம் என் ரம்பத்தில்தான்.

நின்றுவிட்டது. இம்மி நகரவில்லை.

ஆனால் சத்தம் நிற்கவில்லை!

கீழேயிருந்து வந்தது. துணிக்குள்ளே இருந்து. நான் கரியால் போட்ட கோட்டிலேயே, சாவல் அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்துக்கொண்டிருந்தான். புது ரம்பம்.

"கைய நிறுத்தாதீங்க மச்சான்" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "சும்மா தோளை ஆட்டுங்க."

ஆட்டினேன். என் வயதில், இத்தனை பேர் நடுவில், கவ்விக்கொண்ட ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு அறுப்பது மாதிரி நடித்தேன். வேலையாட்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. கட்டை கொஞ்சம் தொய்ந்தபோது என் ரம்பம் விடுபட்டது. கடைசி நாலு இழுப்பு என்னுடையது. துண்டு துணியில் விழுந்தது. ஹாஜி கண்ணைத் திறந்தார், துண்டை வாங்கிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி கடலுக்குள் ஓடி, முறைப்படி அதைத் தண்ணீரில் வீசினார். திரும்பி வந்து ஈரச் சட்டையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பின்முனையை சாவலின் ரம்பத்தை வாங்கி நானே அறுத்தேன். முனைக்கு ஒரு ரம்பம் என்பது எங்கள் வழக்கம் என்று ஹாஜி நினைத்துக்கொண்டார். நன்றாகத்தான் அறுத்தது. கோணவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாரும் சாப்பிடப் போனதும் சாவலைப் பிடித்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஏன்டா ரம்பத்தத் தயாரா வச்சிருந்த?"

"தொம்போ அண்ணன்தான் சொன்னாரு, பல்லு விரியாமக் கொண்டு போயிட்டீங்கன்னு. உங்ககிட்ட சொன்னா கேப்பீங்களா?"

"அதுக்கு முன்னாடியே வாங்கிட்டியே. கரும்புன்னு சொன்னியே."

காலால் மணலைக் கிளறினான்.

"ரெண்டு பல்ல உடைச்சது நான்தான் மச்சான். எங்க வீட்டு உத்தரத்த அறுக்க எடுத்துட்டுப் போனேன். உள்ள ஆணி இருந்துருக்கு. உங்களுக்குப் பதிலுக்குக் குடுக்கத்தான் அதை வாங்குனேன். அன்னிக்கு நீங்க கொல்லன் வாசல்ல புள்ளையக் காவல் காக்குறாப்ல உக்காந்திருந்தத பாத்ததும் குடுக்கத் தைரியம் வரல. உங்ககிட்ட சொல்லிராதீங்கன்னு தொம்போ அண்ணன்கிட்ட வேலியோரம் கேட்டுக்கிட்டேன்."

ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான்! சத்தியமாக ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உடைத்தவன் அவன். படகைக் காப்பாற்றியதும் அவன். ரம்பத்தை நிறுத்தியவன் நான்.

ஆகஸ்ட் 23, சனி

யாராவது ஹாஜியிடம் சொல்லிவிடுவார்களோ? ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். யாரும் சொல்லவில்லை. சாவல் வழக்கம்போல என்னைக் கேலி செய்கிறான், அன்றைய நாளைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

தொம்போ பல்லைச் சரியாக விரித்துக் கொடுத்துவிட்டான். உலினில் சோதித்துப் பார்த்தேன், பட்டறையிலேயே, எல்லார் முன்னாலும். பழையபடி ஓடுகிறது. சாவலின் ரம்பம் இப்போது தொம்போவின் உலைக்களத்தில் கிடக்கிறது. கீழேயிருந்து அறுத்ததில் நுனி வளைந்துவிட்டதாம். புதிதும் ஒருநாள் கொல்லனிடம் வரத்தான் செய்கிறது.

ஹாஜியின் மச்சினர் ஒருவருக்கும் படகு வேண்டுமாம். "ரம்பம் நிக்காத மேஸ்திரிதான் வேணும்" என்று ஹாஜி என் வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். உண்மையைச் சொன்னால் முதல் படகு போய்விடும், அத்தனை பேர் பிழைப்பும் போகும். அதைச் சொல்லவில்லை. இதைச் சொன்னேன்:

"உங்க மச்சினர் படகு அடிக்கட்டைக்கு முனை அறுக்கப் போறது சாவல். நான் கீழ துணி பிடிப்பேன்."

ஹஸ்னா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஹாஜி என் பெருந்தன்மையைப் புகழ்ந்துவிட்டுப் போனார். சாவல் மட்டும் நகரவில்லை. வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான் திடீர்னு? இதுல என்ன உள்குத்து?"

"ஒண்ணுமில்லடா."

"சும்மா சொல்லுங்க. எனக்கு ஏதோ குழி வெட்டுறீங்க."

"நெசமாவே ஒண்ணுமில்ல."

அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.