அந்தச் சிவப்பு உன் கைக்கு ஏன் வரவில்லை

என் நகக்கண்ணில் மஞ்சிட்டி வேரின் சாயம் ஏறியிருக்கிறது. சோப்பு, எலுமிச்சை, மில் லேபில் கை கழுவ வைத்திருக்கும் பவுடர், எல்லாம் போட்டுப் பார்த்தேன். நிறம் பாதி போய்விட்டது, வாசனை போகவில்லை. ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. சோற்றைப் பிசையும்போது மூக்கில் ஏறுகிறது. உனக்குப் பிடித்த வாசனை அது. எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் உன் மனைவி ரேவதி சொல்லிவிட்டாள். "எங்கிட்ட சொன்னத மொதல்ல அவருகிட்ட சொல்லிருக்கணும். இப்பவாச்சும் சொல்லுங்க." எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அது ஒங்க பாடு" என்றாள்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. ஊரெல்லாம் பாராட்டிய நம்முடைய அந்தச் சிவப்பு, மஞ்சிட்டி வேரில் வந்த சிவப்பு இல்லை. மில் லேபிலிருந்து நான் சின்ன டப்பாவில் கொண்டுவந்த சாயப்பொடி. உனக்குத் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் கலந்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அக்கா பிள்ளையைப் பார்க்க உங்கள் ஊர் அகரத்துக்குப் போயிருந்தோம். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று உன் அம்மா ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார். நீ அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் காதில் கத்தினாய்.

"மாப்ள, எல்லா வீட்லயும் செத்துப்போன தாத்தன் வேட்டி ஒன்னு பீரோவுக்குள்ள கெடக்கு. கட்டவும் மாட்டாய்ங்க, தூக்கிப் போடவும் மாட்டாய்ங்க. அத வாங்கி, வேரு பட்டையில சாயம் போட்டு, தொட்டில் துணியா தச்சுக் குடுத்தா எப்புடி?"

"பழைய துணியில சாயம் திட்டுத் திட்டா ஏறும். மஞ்சிட்டிக்கு பி.எச். என்ன வைக்கணும்னு தெரியுமா ஒனக்கு?"

"ஏலே, ஒங்கம்மா கொழம்பு வைக்கைல பி.எச். கேட்டுட்டுத்தான் சாப்பிட உக்காருவியா?"

நீ மில்லில் ஃபிட்டர், நான் சாய லேபில் இருப்பவன். நாகல் நகரில் என் வாடகை வீட்டு மொட்டை மாடியில் அடுப்பு வைத்தோம். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் மஞ்சிட்டியும், மளிகைக் கடையில் படிகாரமும் வாங்கினோம். பழைய வேட்டியில் பல வருஷத்துக் கஞ்சியும் நீலமும் இருக்கும். அதைச் சோடா போட்டு வேகவைத்து எடுக்க வேண்டும். பிறகு கடுக்காய்த் தண்ணீர், பிறகு படிகாரத் தண்ணீர், கடைசியில் வேர். கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் சிவப்பு செத்துப் பழுப்பாகிவிடும். அதுவரை எல்லாம் சரி. சண்டை வந்தது தண்ணீரில்தான்.

நீ உங்கள் அகரத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து வண்டியில் கட்டிக்கொண்டு வந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சாயத்துக்குக் கடினத் தண்ணீர் எதிரி என்பதுதான் நான் படித்த முதல் பாடம். மில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட மென்மையாக்காமல் தொட்டிக்குள் விட மாட்டோம். "இத வச்சு ஒங்க மல்லிகைக்குப் பாய்ச்சு" என்றேன். கடையில் வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றினேன். உன் முகம் சுருங்கியது, ஆனால் நீ வாதாடவில்லை. "நீ படிச்சவன், ஊத்து" என்றாய்.

முதல் வேட்டி தாடிக்கொம்பு டீச்சருடையது. அவர் அப்பாவின் வேட்டி. மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, சிவப்பாக வேண்டும் என்றார். ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தோம். வந்த நிறம், டீ வடிகட்டிய துணி மாதிரி இருந்தது. மறுநாள் காலை பூப்பறிக்க நீ அகரம் போய்விட்டாய். மத்தியானத்துக்குள் வருவேன் என்றாய். டீச்சர் சாயங்காலம் வருவதாக இருந்தது. செத்துப்போன மனிதரின் வேட்டி, அதே மாதிரி இன்னொன்றை எங்கே போய் வாங்குவது?

லேபில் மாதிரி பார்க்க வைத்திருந்த சிவப்புப் பொடியில் ஒரு டப்பா என் பையில் இருந்தது. கரண்டி நுனியளவு போட்டேன், உப்பும் சோடாவும் சேர்த்தேன், ஒன்றரை மணி நேரம். அலசி அலசித் தண்ணீர் தெளியும்வரை விட்டேன். அது விஷமில்லை. நன்றாக அலசினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, கடையில் விற்கும் பாதித் துணி அதில்தான் நனைந்தது. அந்தக் கணக்கையெல்லாம் அன்றைக்கே போட்டேன். எனக்குக் குறைந்தது தைரியம் ஒன்றுதான்.

நீ மாடிக்கு வந்து கொடியைப் பார்த்தாய். "ஏலே! வந்துருச்சுலே!" பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாய். துணியை வெயிலுக்கு எதிரே விரித்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாய். உன் முகமெல்லாம் சிவப்பு. நான் சொல்ல வாயைத் திறந்தேன். நீ அதற்குள் டீச்சருக்குப் போன் போட்டுவிட்டாய். "ஒரு சொட்டுக் கெமிக்கல் கெடையாது டீச்சர். போட்டவன் யாரு? சாயப் படிப்பு படிச்சவன். அவனே கையெழுத்துப் போடுவான்."

என் படிப்புதான் உன் உத்தரவாதம். அப்படித்தான் மாட்டினேன்.

அடுத்த வேட்டி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. எல்லோருக்கும் டீச்சர் வீட்டுச் சிவப்புதான் வேண்டும். ஒருதடவை நிறுத்தினால் முதல் துணியைப் பற்றிக் கேள்வி வரும். நீ மாடியை விட்டு இறங்கும் நேரம் பார்த்து நான் டப்பாவைத் திறந்தேன். டீ வாங்கி வா, விறகு பத்தாது, கடுக்காய் தீர்ந்துவிட்டது என்று உன்னை அனுப்பினேன். நீயும் போனாய். நான் வேலையில் மும்முரம் என்று நினைத்தாய். "இவென் சாயம் போடைல பக்கத்துல ஒரு ஈ பறக்கக் கூடாது" என்று ரேவதியிடம் பெருமையாகச் சொன்னதை நானே கேட்டேன்.

இதையெல்லாம் எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு.

நான் ஷிப்டில் இருந்த ஒரு நாள், நீயே ஒரு வேட்டியை முழுவதுமாகப் போட்டாய். நான் எழுதி வைத்த அளவு, நான் சொன்ன சூடு, நான் வாங்கிய தண்ணீர். எல்லாம் சரி. வந்தது பழுப்பு. நான் மாடி ஏறும்போது நீ அண்டா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாய்.

"மாப்ள, எங்கையில வரமாட்டேங்குதுடா."

"சூடு கூடியிருக்கும்."

"இல்லடா, பாத்துப் பாத்துத்தான் வச்சேன். கைராசி அப்புடி. ஒங்கைலதான் வருது. விடு."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். எனக்கு வந்தது இதுதான்: "குடு, நான் சரி பண்றேன்." சரி பண்ணினேன். அதற்குப் பிறகு நீ அண்டாவைத் தொடவில்லை. வேட்டி வாங்கி வருவாய், வேரை இடிப்பாய், துணி பிழிவாய். சாயத்தில் கை வைக்கச் சொன்னால் "நான் தொட்டா கெட்டுரும்பா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வாய். விளையாட்டு மாதிரிதான் சொல்வாய். அது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நாலாவது நாள் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். உன் உதடு காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும், "அந்த ரெண்டு வேட்டியவும் நீ போட்டுரு. என் வேர்வ பட்டாக்கூட பழுப்பாயிரும்" என்றாய். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். மறுநாள் நீ இல்லை.

போன மாதம் ரேவதி போன் செய்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். அகரத்தில் உன் அம்மாவோடு இருக்கிறாள். "அண்ணே, அவரு கல்யாணத்துக்குக் கட்டுன வேட்டி இருக்கு. அதே செவப்பு போட்டுக் குடுங்க. பிள்ளைக்கு அதத்தான் போடணும்." சரி என்றேன். அவள் நிறுத்தவில்லை. "எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே. நான் செய்யுறேன். அவரு எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்தக் கலரு ஒன்னுதான்."

நாலு பக்கமும் யோசித்துப் பார்த்தேன், எந்தப் பக்கமும் கதவு இல்லை. டப்பாவைச் சொல்லிக்கொடுத்தால் நீ சொன்னதெல்லாம் பொய்யாகும். சொல்லாமல் கற்றுக்கொடுத்தால் அவளுக்கும் பழுப்புதான் வரும், அவளும் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். எதுவும் கற்றுக்கொடுக்காமல் விட்டால், நீ விட்டுப்போனதை நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அகரம் போனேன். அண்டாவும் வேரும் கொண்டுபோனேன், டப்பாவைக் கொண்டுபோகவில்லை. உங்கள் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். ரேவதி கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். கல்லைக் கீழே வைத்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தன் கைல ராசியில்லன்னு நெனச்சுக்கிட்டே செத்தாரு."

அவள் உடைத்துப் போட்டிருந்த கடுக்காயை நான் பொறுக்கினேன்.

"நைட்டெல்லாம் கையப் பாப்பாரு. நான் வஞ்சேன், என்னமோ குஷ்டம் வந்தவன் மாதிரி பாக்குறீகளேன்னு." அவள் எழுந்துபோய் உன் வேட்டியை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். "இங்கயே போடுங்க. எங்க தண்ணியில. நான் உக்காந்து பாக்குறேன்."

கேன் தண்ணீர் வாங்கி வரட்டுமா என்று கேட்க இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கிணற்றில் வாளியை விட்டேன்.

சாயங்காலம் துணியைத் தூக்கியபோது முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சிவப்பு. டப்பாச் சிவப்பு இல்லை, அதைவிடக் கொஞ்சம் மண் கலந்த, புதுச் செங்கல்லை நனைத்த மாதிரி. ஆனால் சந்தேகமில்லாத சிவப்பு. கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரோடு வீட்டுக்கு வந்து என் பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டு தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன். கேன் தண்ணீரில் பழுப்பு, கிணற்றுத் தண்ணீரில் சிவப்பு. வேரின் நிறம் துணியில் நிற்க அந்த உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு வேண்டியிருக்கிறது. மில்லில் எதிரியாக இருந்தது இங்கே பாதி மருந்து. நான் சுத்தம் பண்ணிச் சுத்தம் பண்ணி அதைத்தான் வெளியே தள்ளியிருக்கிறேன். நீ முதல் நாளே வண்டியில் கட்டிக்கொண்டு வந்தாய். உன் கையில் ஒரு குறையும் இல்லை. என் தண்ணீர்தான் கெட்டது.

ரேவதி வேட்டியைக் காயப்போட்டாள். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குச் சாப்பாடு போட்டாள், தொட்டுக்க வெஞ்சனம் ரெண்டாவது தடவை வைத்தாள். அன்று முழுக்க ஒருதடவைகூட அண்ணே என்று கூப்பிடவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: "துணி வாங்குன வீட்டுக்கெல்லாம் போயிச் சொல்லுங்க. நான் வரமாட்டேன். நீங்களே போங்க. அதுக்கப்புறம் நான் இந்த வேலையத் தொடங்குறேன்."

நேற்று முதல் வீடு, தாடிக்கொம்பு. டீச்சர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. சொல்லி முடித்தேன். உள்ளே தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா வேட்டிக்கு நீலம்கூட போட விடமாட்டாரு" என்றார் டீச்சர். "வெள்ளைன்னா வெள்ளை. வேருச் சாயம்னு சொன்னதாலதான் குடுத்தேன்."

"அம்மா, விடுங்க, நல்லாத்தான இருக்கு" என்று உள்ளேயிருந்து மகள் சொன்னாள்.

"நீ சும்மா இருடி. தம்பி, அந்தச் சாயத்தக் கழட்டிக் குடுங்க. பழையபடி ஆக்கிக் குடுங்க."

"முடியாது டீச்சர். அது நூலோட ஒட்டிக்கிட்டது. கழட்டுற மருந்து போட்டா சாயத்துக்கு முன்னாடி துணி போயிரும். அம்புட்டுப் பழசு."

"அப்ப எங்கப்பா வேட்டி?"

மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். டீச்சர் தொட்டிலை அவிழ்த்தார், துணியை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இன்னும் பதினோரு வீடு இருக்கிறது. இன்று காலை அந்தத் துணியை மாடியில் வைத்து, வெள்ளைத் துண்டோடு சேர்த்து வெந்நீரில் துவைத்தேன். லேபில் சாயம் நிற்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். மூன்று தடவை துவைத்தேன். வெள்ளையில் ஒரு புள்ளிகூட ஒட்டவில்லை. வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறேன்.