புகையறையில் ஏழு நாள்

இல்லை, அமைச்சர் பெருந்தகையே. நீர் மூன்றாம் முறையாகக் கேட்கும் அந்தக் காய்ச்சல் மருந்தின் பெயரை என்னால் எழுத இயலாது. அப்படி ஒரு மருந்து நான் கண்ட மூன்று நாடுகளிலும் இல்லை.

வெண்கரை நாட்டின் முதலமைச்சரும், அரசி செழுங்கொன்றைத் தேவியாரின் வலக்கையுமான உதியஞ்சாத்தருக்கு, அரண்மனை மருத்துவனும் தூதனுமான நெடுவேட்டன் எல்லைச் சாவடியிலிருந்து வணங்கி எழுதுவது. அரசியார் நலம் பெறுக. ஆற்றில் நீர் குறையாதிருக்க. அதை அள்ளிக் குடிக்க மக்களும் இருக்க.

கடல் நாட்டு விருந்தில் மயங்கித்தான் பதிலைத் தாமதித்தேனோ என்று நீர் கேட்டிருந்தீர். கடற்கோட்டையில் விருந்து இல்லை, ஐயனே. முதல் காய்ச்சல் கண்ட அன்றே துறைமுகத்தை மூடினார்கள். நோய் புகுந்த வீட்டு வாசலில் கயிறு கட்டினார்கள். நம்மவர் அதோடு நின்றிருப்பர். அவர்களோ நாள்தோறும் விடியலில் அந்தக் கயிற்றடியில் அரிசியும் நீரும் விறகும் இறக்கினார்கள். சோறு வந்ததால் எவரும் கயிற்றைத் தாண்டவில்லை. மாண்டவர் சிலரே.

குடவரை மலைநாட்டில் பெரிய வைத்தியசாலை எதுவும் கிடையாது. ஊருக்கு ஒரு மருத்துவச்சி இருக்கிறாள். காய்ச்சல் கண்டதும் அவள் வெள்ளைத் துணியை மரத்தில் ஏற்றினால் மறுநாள் நண்பகலுக்குள் அரசின் ஆட்கள் வந்துவிடுவார்கள். அம்மருத்துவச்சிகளுள் ஒருத்தி, நம் நாட்டில் எத்தனை ஊருக்கு ஒரு மருத்துவர் என வினவினாள். நம் மருத்துவர் அரண்மனையில்தான் இருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், அரண்மனைக்குள் மட்டும் காய்ச்சல் வந்தால் நீங்கள் தப்பிவிடுவீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். அந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. அதை எட்டு நாளில் இங்கே கொண்டுவர எவராலும் ஆகாது.

மூன்றாவதான பொன்மதில் நாட்டைப் பற்றி மட்டும் நீர் விரும்பிக் கேட்டீர். பளிங்குத் தரையும் முந்நூறு கட்டில்களும் கொண்ட வைத்தியசாலை அங்கே உண்டு. குலமுத்திரை காட்டியவர் உள்ளே போயினர். மற்றவர் படிக்கட்டிலேயே கிடந்தனர். பின்பு ஏழைகளின் தெருக்களை வெளியிலிருந்து செங்கல் வைத்து அடைத்தார்கள். காய்ச்சலோ அதற்கு முன்பே காவலர்களோடு அவரவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாற்பதாம் நாள் சுவரை இடித்தபோது நானும் அங்கே நின்றேன். உள்ளிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த வைத்தியசாலையில் இப்போது மருத்துவரும் இல்லை.

வருகிற முழுநிலா நாளில் நம் ஆற்றுப்புறத்துப் பதினொரு தெருக்களையும் அவ்வாறே அடைக்க ஆணையிட்டிருக்கிறீர். அதற்கு இன்னும் எட்டு நாள். அந்தத் தெருக்களில் ஒன்றில் என் மனைவி அல்லியங்கோதை பிரசவம் பார்க்கிறாள். அவளை மட்டும் வெளியே அழைத்துக்கொள்வதாக நீர் அருளியதற்கு நன்றி. நிறைமாதப் பெண்கள் இருவர் இருப்பதால் வரமாட்டேன் என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள்.

நோய்நாட்டிலிருந்து வரும் ஓலை எதுவாயினும் ஏழு நாள் வேப்பம்புகையில் கிடந்த பின்பே பிரிக்கப்பட வேண்டும் என்பது நம் வழக்கம். அந்த விதியை அரசியாருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். ஓலையில் நோய் ஏறி வருவதில்லை, மூச்சில்தான் வருகிறது என்பதை மூன்று நாடுகள் சுற்றிய பின்பே அறிந்தேன். என் முந்தைய இரண்டு ஓலைகள் புகையில் கிடந்த நாட்களில்தான் ஒரு தெரு நோய் பதினொரு தெருவாயிற்று. நேரில் வந்து சொல்லவும் வழியில்லை. நோய்நாடு கண்டவன் நாற்பது நாள் இச்சாவடியில் தங்க வேண்டும் என்பதும் என் விதியே. அது சரியான விதி. அதை நான் மீறேன்.

அஞ்சற்காரன் நகரை அடைய மூன்று நாள், புகையறையில் ஏழு நாள். விதிப்படி நடந்தால், நீர் இதைப் படிக்கும்போது சுவர் எழுந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். மூன்று நாட்டு வழிகளில் நம் கைக்கு எட்டுவது கடல் நாட்டாரின் சோற்று வண்டி ஒன்றுதான். கயிறு கட்டுக, செங்கல் வேண்டாம்.

இவ்வோலைக்கு என் மோதிர முத்திரையே சான்று. அரசியாரின் ஆணையை எதிர்நோக்கி, வணக்கத்தோடு முடிக்கிறேன்.

*கட்டின் மேல் சுற்றிய ஓலையில்:*

புகையறைக் காவலர் மாசடையனாருக்கு. உம் கண்ணில் படுவது இந்த மேலோலை மட்டுமே. முன்பொரு நாள், விதி எழுதியவரே வந்து கேட்டாலும் தரமாட்டேன் என்று நீர் என்னிடம் வேடிக்கையாகச் சொன்னீர்; நானும் உம் தோளைத் தட்டிப் பாராட்டினேன். இன்று அந்த விதியை எழுதியவனே கேட்கிறேன். இதைப் புகையில் போட வேண்டாம். அமைச்சரிடம் இப்போதே கொண்டுபோய்க் கொடுப்பீரா?