புதன்கிழமைக் குளியல்

ஜனவரி 10, புதன்

இன்று வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கதவுக்கடியில் இரண்டு பிள்ளைகளின் விரல்கள். அதற்கு மேலே என் கணவர் ரெதுவானின் குரல்: "கிஸ்லான், ரிமோட்டை எங்க வச்சே?" பகலெல்லாம் யார் யாருடைய இணையம் அறுந்ததற்கோ போனில் திட்டு வாங்குவது என் உத்தியோகம். மாலையில் ரிமோட்டுக்கு. கொடுத்துவைத்தவள் நான்.

ஜனவரி 17, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் சலே நகரத்தில் ஒரு பெண்ணை யாரும் கேள்வி கேட்காத இடம் ஹம்மாம் என்கிற பொதுக் குளியல்கூடம்தான். வெந்நீர், நீராவி, அழுக்குத் தேய்ப்பவள், ஊர்வம்பு, எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். கணவன் உள்ளே வந்து தேட முடியாது. வாளி, துண்டு, கறுப்பு சோப்பு சகிதம் கிளம்பினேன். ஆற்றங்கரையில் காரை நிறுத்தினேன். இருக்கையைச் சாய்த்தேன். தூங்கினேன்!

திரும்பும்முன் பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்து, கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொண்டேன். பட்டம் வாங்கியவள், பாருங்கள். மாமியார் லல்லா ஸுஹூர் வழக்கப்படி, "குளிச்ச உடம்புக்குச் சுகம் சேரட்டும்மா" என்று வாழ்த்தினார். நாக் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 24, புதன்

தூங்கினேன்.

ஜனவரி 31, புதன்

மாட்டிக்கொண்டேன். தலை சொட்டச் சொட்ட வந்து நிற்கிறேன், வாழ்த்தைக் காணோம்.

"எந்த ஹம்மாம்மா?"

"தெருமுனைதான் லல்லா. ஒரே கூட்டம்."

"தண்ணிப் பஞ்சம்னு திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் ஹம்மாமை மூடச் சொல்லிட்டாங்களே. இந்த வாரத்துலேருந்து."

ஊரே வறண்டு கிடக்கிறது, என் தலை மட்டும் நனைந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்கூட என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ரெதுவான் எதையோ கேட்க வாயைத் திறந்து, அம்மா இருப்பதால் மூடிக்கொண்டார். என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 1, வியாழன்

ரெதுவானிடம் உண்மையைச் சொன்னேன். "கார்ல தூங்கறேன்."

"வீட்டுல கட்டில் இல்லையா?"

"இருக்கு. அதுல நீங்க எல்லாரும் இருக்கீங்க."

நம்பவில்லை. வேறொருவன் இருக்கிறான் என்றால் நம்பியிருப்பார். பெண்டாட்டிக்கு அசதி என்பதுதான் கட்டுக்கதையாகத் தெரிகிறது. கார் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அழுதுட்டேன். ச்சே, என்ன பொழப்பு இது - தூங்கினதுக்குக்கூட சாட்சி வேணுமா? இனி அந்த இரண்டு மணி நேரமும் போச்சு.

பிப்ரவரி 4, ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் லல்லா மகனிடம் பேசினார். என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் வாராவாரம் ஹம்மாமுக்குப் போனேன். உங்க நாலு பேரையும் இழுத்துட்டுப் போய் தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டு வந்தேன். அதை ஓய்வுன்னார் உங்கப்பா. சாவியை அவகிட்ட குடுடா. புதன்கிழமை புள்ளைங்களை நீ பாரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தூங்குனது சரி. குளிக்காமலே என்கிட்ட ரெண்டு தடவை வாழ்த்து வாங்கினியே, அதுக்கு உன்னை மன்னிக்க மாட்டேன்."

நியாயம்தான்.

பிப்ரவரி 7, புதன்

வாளி எடுக்கவில்லை. "தூங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டே போனேன். ஆற்றங்கரையில் போன் அடித்தது. ரெதுவான். மறுபடியும் ரெதுவான். வீடு பற்றி எரிந்தால் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள் என்று போனை அணைத்துவிட்டேன்.

திரும்பி வந்தால் கூடமெல்லாம் மாவு. பிள்ளைகள் இருவரும் செருப்போடு கட்டிலில் தூங்குகிறார்கள். நடுவில் அவர், வாய் திறந்தபடி. போர்வையை இழுத்துவிட்டேன். அரைக் கண்ணைத் திறந்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார்:

"அடுத்த புதன் கொஞ்சம் சீக்கிரமா வந்துடறியா?"