வேர் துரைக்கு டீ

மேலகரம்,
பார்த்திப வருஷம், ஆனி மாதம்.

சிரஞ்சீவி சங்கிலிப்பாண்டிக்கு உன் அய்யா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு மாடுகளும் சுகம், மாடுகளுக்கு இருக்கிற தெளிவு எனக்குத்தான் இல்லை. அந்த ஈராக் வெயிலில் உனக்கு ஒரு குறையும் வராமல் முப்பிடாதி அம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழுகிறது, அருவியில் கூட்டம் தாங்கவில்லை, நானும் நாற்றுப் பாவிவிட்டேன்.

சித்திரையில் நீ போட்ட கடிதத்தால்தான் இத்தனை குழப்பமும். சென்சார் ஆபீஸில் முக்கால்வாசிக்குக் கறுப்பு மை பூசி அனுப்பியிருந்தார்கள். மைக்குத் தப்பிய வரிகளில் இருந்தது இவ்வளவுதான்: வேருக்கு டீ போட்டுக் கொடுப்பது இப்போது என் பொறுப்பு, வேர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, டீயை நிறுத்தினால் சோர்ந்துவிடுகிறது. இதைப் படித்தால் நாங்கள் என்ன நினைப்போம், நீயே சொல். வேர் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை, அவருக்கு நீ டீ போடுகிறாய் என்று நினைத்தோம். துரையைப் போய் இருக்கிறது, சோர்ந்துவிடுகிறது என்று எழுதியதைப் பட்டாளத்துக் கேலி என்று எடுத்துக்கொண்டோம். மலைத் தோட்டத்துத் துரைகளுக்கெல்லாம் இதைவிட வாயில் நுழையாத பேர் இருக்கிறதே. துப்பாக்கி பிடிக்கப் போனவன் கெட்டில் பிடிக்கிறானே என்று எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவோ, துரை நன்றாக இருந்தால்தானே பிள்ளை நன்றாக இருப்பான் என்று குற்றாலநாதர் கோயிலில் வேர் துரை பேருக்கு அர்ச்சனையே செய்துவிட்டாள். ஐயர் நட்சத்திரம் கேட்டாராம், இவள் உன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். விஷயம் கடையத்துக்கும் போய்விட்டது. உனக்குப் பேசி வைத்திருக்கிற வள்ளித்தாயின் அப்பா செல்லச்சாமி, பட்டாளத்துக்காரனுக்குத்தான் பெண் தருவதாகச் சொன்னேன், குசினிக்காரனுக்கு இல்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்.

பிறகு உன் இரண்டாவது கடிதம் மை இல்லாமல் வந்தது. வேர் என்றால் செடியின் வேர், மண்ணே இல்லாமல் தொட்டியில் கூழாங்கல்லைப் போட்டுத் தக்காளியும் கத்தரியும் வளர்க்கிறோம், மக்கிய எருவை ஊறவைத்து வடிகட்டி ஊற்றுகிறோம், அதற்குத்தான் இங்கே டீ என்று பேர் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, குழப்பம்தான் கூடியது. எருத்தண்ணீருக்கு டீ என்று பேர் வைத்தவன் யார்? மண்ணில்லாமல் செடி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? செல்லச்சாமியிடம் போய்ச் சொன்னால், மாப்பிள்ளைக்கு வெயில் மண்டையில் ஏறிவிட்டது போல என்கிறார். குசினிக்காரனைப் பைத்தியக்காரன் ஆக்கியதுதான் நான் கடையம் போய் வந்த லாபம்.

சரி, பார்த்தே விடுவோம் என்று சிற்றாற்றில் கூழாங்கல் அள்ளிக் கழுவி, அடியில் ஓட்டை போட்ட பானையில் நிரப்பி ஒரு கத்தரி நாற்றை வைத்தேன். எருவைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டேன். கலக்க வேண்டும் என்று நீ எழுதியதைக் கவனிக்காமல் அப்படியே மூடி வைத்தேன், நாற்றம் தெருவைத் தூக்கியது, நாற்றும் வேர் அழுகிப் போயிற்று. எனக்குள்ளே ஒரு சந்தோஷம், மறைப்பானேன். ஆனால் உன் அம்மா விடவில்லை. போகவர மத்தால் கலக்கி, நுரை கட்டி நாற்றம் போனபின் வடிகட்டி, தண்ணீர் விட்டு விளாவிக் காலையும் மாலையும் ஊற்றி வடியவிட்டாள். இரண்டாவது நாற்று பிடித்துக்கொண்டது. கல்லை விலக்கிப் பார்த்தேன், வேர் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கிறது.

அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடையம் போனேன். செல்லச்சாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். கிளம்பும்போது அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றபடி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வேருக்கு மண்ணு வேண்டாங்காக. அப்போ அவுகளுக்கு ஊரு வேணுமா மாமா?"

அவுக என்றது உன்னைத்தானடா. யுத்தம் முடிந்தாலும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள இங்கே ஈராக்கிலேயே இருக்கச் சொல்கிறார்கள், யோசிக்கிறேன் என்று அந்த இரண்டாவது கடிதத்தின் அடியில் எழுதியிருந்தாயே, அதை நான் அங்கே சொல்லவில்லை. கடிதத்தை வாசித்துக் காட்டியபோது உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்தச் செடி பட்டுப்போகட்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அது பட்டுப்போகவில்லை, இன்று பூ வைத்திருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. பிடுங்கி மண்ணில் நட்டுவிடலாம் என்று போனேன், உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வந்து அவன் கையால் நடட்டும், அதுவரை நான் டீ ஊற்றுகிறேன் என்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதோ என்னவோ.

எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் தலைக்குத் துணி கட்டு. தீர்க்காயுசாக, பிள்ளைகுட்டிகளோடு நம் வயல் வரப்பில் நீ நடக்க வேண்டும். இதைப் படிக்கிற சென்சார் அதிகாரிக்கும் என் நமஸ்காரம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பதிலில் ‘வருகிறேன்’ என்ற சொல்லை இரண்டு இடத்தில் எழுது. ஒன்றில் மை பூசினாலும் இன்னொன்று எங்களுக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
உன் அய்யா
சுந்தரபாண்டியன்