நேத்து எங்க போனேன்னு கேளு

காலையில் வேங்கிக்காலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிளீச்சிங் பவுடர் வாடை முகத்தில் அடித்தது. பௌர்ணமி வருகிறது, கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையோரமெல்லாம் தூவியிருக்கிறார்கள். "வெள்ளையா ஒரு கோடு போட்டுட்டா நோய் தாண்டாதுன்னு நெனப்பு" என்று நீ முணுமுணுப்பாய். முணுமுணுக்க ஆளில்லாமல் இன்று நான் தனியாகப் பயிற்சிக் கூடத்துக்கு நடந்தேன்.

அதே கூடம்தான். கிருமிகளால் ஊருக்கு ஆபத்து வந்தால் அரசு என்ன கொள்கை வகுக்க வேண்டும் என்று பல துறைக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லித்தரும் அதே பயிற்சி. வக்கீலான நானும், நுண்ணுயிரியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய நீயும் அங்கே ஒரே பெஞ்சில் படித்தோம். ஒத்திகை நாளில் அவரவர் துறையை விட்டுவிட்டு வேறொருவர் வேலையைச் செய்து பார்க்க வேண்டும் என்பது வழக்கம். கால்நடை மருத்துவர் கலெக்டர் ஆனார், நான் டாக்டர் ஆனேன், நீ காய்ச்சல்காரி. சளி உண்டா, வாந்தி உண்டா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். நீ பெஞ்சில் படுத்தபடியே ஒரு கண்ணை மட்டும் திறந்து, "என்னா வக்கீலம்மா, குறுக்கு விசாரணையெல்லாம் கோர்ட்டோட சரியா? நேத்து எங்க போனேன்னு கேளு" என்றாய். கூடமே சிரித்தது.

பயிற்சி முடிந்தபின் அங்கேயே ஓர் ஆசிரியர் வேலை வந்தது. துறைகளுக்கு நடுவே சுவர் கூடாது என்று மேடைதோறும் பேசுகிற இயக்குநர் உன்னிடம், "உங்க அடிப்படைப் பட்டம் வேறயாச்சேம்மா" என்றார். பொதுக்கொள்கைக்குச் சட்டம் நெருங்கின பாடமாம், என்னை எடுத்துக்கொண்டார். நீ பழைய கல்லூரிக்குப் போய்க் கேட்டாய். ஆய்வகத்தை விட்டுப் போனவளுக்கு இங்கே என்ன வேலை என்று அவர்களும் கையை விரித்தார்கள். ஊருக்குத் திரும்பி அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டாய். "ரெண்டு பக்கமும் படிச்சா ரெண்டு பக்கத்துக்கும் ஆவாது போலக்கீது" என்று போனில் சிரித்தாய். உன்னை அப்படிச் சிரிக்க வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மழையில் வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்க இறங்கினாய். காலில் மண்வெட்டிக் காயம் இருந்தது. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்தபோது உன் கண்கள் மஞ்சளாகியிருந்தன. கல்லீரல் டாக்டர் கல்லீரலைப் பார்த்தார், சிறுநீரக டாக்டர் சிறுநீரகத்தைப் பார்த்தார். "வயல் தண்ணில நின்னேன், கால்ல காயம்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்டி. எலிக்காய்ச்சலான்னு பாருங்கன்னும் சொன்னேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கல" என்றாய். நான் போய் நர்ஸிடம் சண்டை போட்டேன். "பெரிய டாக்டர் வரட்டுங்க" என்றார். பெரிய டாக்டர் வந்து இன்னொரு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். எலிக்காய்ச்சல்தான் என்று ரிப்போர்ட் வந்தபோது உன்னை ஊருக்கு எடுத்துப் போயிருந்தோம். ஆரம்பத்திலேயே கவனித்திருந்தால் சாதாரண மருந்துக்குக் கட்டுப்படுகிற காய்ச்சல்.

துக்கம் கேட்க வந்த இயக்குநர், சிறந்த மாணவருக்கான பரிசுக்கு உன் பெயரை வைக்கலாம் என்றார். "இருந்தப்ப ஒரு நாற்காலி போடல. இப்ப பேரு எதுக்குங்க சார்?" என்று கேட்டேன். ஏதோ துக்கத்தில் பேசுகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு எல்லா ஒத்திகையிலும் காய்ச்சல்காரி நான்தான். யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தலைவலி, வாந்தி என்று அடுக்கும்போது நடுவில், "வயல்ல எறங்குனேங்க" என்று சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுகிறதா என்று பார்ப்பேன். அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். இன்று டாக்டராக உட்கார்ந்தது வரலாறு படித்த ஒரு பெண். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த வயலுங்க? தண்ணி நின்னுச்சா? கால்ல ஏதாச்சும் காயம் இருந்துச்சா?"

உன்னிடம் ஒருவராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெஞ்சில் மல்லாந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. பின்னாலிருந்து யாரோ, "மேடம் நல்லா நடிக்கிறாங்க" என்றார்கள். கூடமே சிரித்தது.