மூடி திறந்த மண் போத்தல்கள்

வெள்ளி, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

பக்கத்து வீட்டு ராத்தா மதியம் பள்ளிவாசல் கந்தூரிச் சோறு கொண்டுவந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், என் மண் போத்தல்கள் எல்லாம் மூடியில்லாமல் நின்றன.

"வீடெல்லாம் சேத்து நாத்தம் புள்ள. கொஞ்சம் காத்துப் படட்டும் எண்டு திறந்து வெச்சன்."

என் ஆய்வுக்கானவை; பல்கலைக்கழகம் மூடிக் கிடப்பதால் வீட்டில் வைத்திருந்தேன். நற்பிட்டிமுனை வயல் களிமண். காற்றே படாமல் அடைத்து வைத்தால், அதிலுள்ள பற்றீரியாக்கள் காற்றுக்குப் பதிலாகக் களிமண்ணில் இருக்கும் இரும்பைக் கொண்டு மூச்சு விடும். பழுப்பு மண் மெல்ல மெல்லப் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும். அந்த நிறத்துக்காகத்தான் பெருநாளைக்குக்கூட உம்மா வீட்டுக்குப் போகாமல் காவல் இருந்தேன்.

"ஆருக்கிட்டக் கேட்டுத் திறந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"மண்தானே எண்டு நினைச்சன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காற்றுப் பட்ட மேல்மண் இப்போதே பழுப்பாகிவிட்டது. அது போகட்டும், மறுபடி மண் அள்ளலாம். ராத்தாவுக்கு முன் இந்த வீட்டுக்குள் கடைசியாக வந்தது யார் என்று யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை.

சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்திருக்கிறேன். அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் சீனி மட்டும்தான் இருக்கிறது. காலையில் அதைப் போட்டுக் கொண்டுபோகலாம். ஆனால் அவர் முன்னால் போய் நின்றால், என் உடுப்பிலும் அந்த நாற்றம் அடிக்குமோ?

முந்தானையை முகர்ந்து பார்த்தேன். போத்தலையும் முகர்ந்து பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.