இடுப்பை மாற்றினால் சுஜூது கிடைக்குமா, மச்சான்?

என் அன்பு மச்சான் ஜவ்பருக்கு, ஸலாம்.

மௌத்தாகி மண்ணுக்குள் போன ஆளுக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்கிறாள் ரஹீமா. உன் தங்கை அல்லவா, உன்னைப் போலவே முகத்துக்கு நேரே சொல்வாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. நம் குடும்பத்தில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவன் நீ ஒருவன்தான்.

இப்போது என் முறை. வலது பக்கம். முதலில் தொடை இடுக்கில் வலித்தது, பிறகு முழங்கால்வரை இறங்கியது. முழங்காலில்தான் கோளாறு என்று எண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் பல மாதங்களை வீணாக்கினேன். எக்ஸ்-ரே எடுத்த பிறகே தெரிந்தது, இடுப்பில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லையாம். எலும்பும் எலும்பும் உரசுகின்றன. வயது குறைந்தவர்களுக்கு என்றால், நோயைப் பொறுத்து, எலும்பை வெட்டித் திருப்பி வைப்பதுண்டு, துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைப்பதுண்டு. எனக்கு அந்தக் கட்டமெல்லாம் கடந்துவிட்டது, பந்தையும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவதே வழி என்று சொல்லிவிட்டார்கள்.

யோசிக்க வேண்டும் என்று சொல்லி, ஒப்பரேஷனுக்குக் கொடுத்த முதல் திகதியைத் தள்ளிப்போட்டேன். இரண்டாவது திகதி வருகிற திங்கட்கிழமை.

கத்திக்குப் பயமா என்று கேட்பாய். அதுவும் உண்டு. ஆனால் என்னை உட்காரவிடாமல் வைத்திருப்பது வேறொன்று. இன்றைக்கு, இந்த வலியோடும், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு என்னால் கீழே இறங்க முடிகிறது. நெற்றி தரையில் படுகிறது, சுஜூது கிடைக்கிறது. வலியை எடுத்துவிட்டு அந்தத் தரையையும் எடுத்துவிட்டால்? நாற்காலியில் இருந்து தொழுதாலும் தொழுகை நிறைவேறும் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தும் மனம் ஏன் ஒத்துக்கொள்ள மறுக்கிறது?

உனக்கும் மறுத்ததே. இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்காதே, தாழ்வான இடத்தில் குந்தாதே, கால்மேல் கால் போடாதே என்று அவ்வளவு சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊன்றுகோலை விட்ட புதிதில் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வந்தாய். வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். "எல்லாரும் கீழ ஈக்க நான் மட்டும் ராஜா மாதிரி மேல ஈக்கியதா? வெக்கமா ஈக்கு மச்சான்" என்றாய். இரண்டாவது ரக்அத்தில் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கி சுஜூது செய்துவிட்டாய். எழும்பும்போது உன் இடுப்பில் கேட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. விரிப்போடு உன்னைத் தூக்கி வேனில் ஏற்றினோம். மயக்க மருந்து கொடுத்து, காலை இழுத்து, பந்தைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் நீ கேட்டது என்ன? "தொழுகை கூடிச்சா, இல்லாட்டி திரும்பத் தொழணுமா?"

அந்தக் கேள்விக்கு எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

நில அளவைக் கந்தோரில் ஆயுள் முழுவதும் படவரைஞனாக இருந்த எனக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? போன வாரம் பழைய பாகைமானியை எடுத்தேன். பாயை விரித்து சுஜூதில் கிடந்தேன். தொடையோடு ஒரு அடிமட்டமும் விலாவோடு ஒரு அடிமட்டமும் பிடிக்கச் சொன்னேன் ரஹீமாவை. "வளவு அளந்தது போதாதுண்டு இப்ப இடுப்பையும் அளக்குறீங்களா? எல்லைக்கல் எங்க போடுறது?" என்றாள். ஆனாலும் பிடித்தாள். மூன்று தடவை அளந்தோம். ஒவ்வொரு தடவையும் உனக்கு விதித்த அந்தத் தொண்ணூறைத் தாண்டித்தான் நின்றது.

அன்று முழுவதும் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நொண்டிக்கொண்டு திரிந்தேன். மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்ப முடியாமல் கிடந்தபோது அந்த முடிவும் ஆடியது. ரஹீமா வந்து தூக்கிவிட்டாள். "நீங்க யா அல்லாஹ்ண்டு கத்துறது தொழுகைக்கா, இடுப்புக்கா? எனக்கே வெளங்குதில்ல, அவனுக்கு எப்படி வெளங்கும்?" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவளுக்கும் முதுகில் வலி. இன்னும் எத்தனை நாளைக்கு என்னைத் தூக்குவாள்?

நேற்று கண்டிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயதுச் சிங்களப் பெண்பிள்ளை. நான் தயங்கித் தயங்கி என் அளவைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, தன் இடுப்பில் கையை வைத்துக் குனிந்து காட்டினார். சிங்களத்தில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்: "ஐயா, நீங்க அளந்தது இடுப்ப மட்டும் இல்ல. முதுகு வளையுறதையும் சேர்த்து அளந்திருக்கீங்க. மூட்டு மடங்குறது அதவிடக் குறைவு."

என்னைப் போன்ற ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய வெட்கம் என்று உனக்குத் தெரியும். இரண்டு மூட்டுகளின் அசைவை ஒரு மூட்டின் கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை, மச்சான்.

உறுதி எதுவும் அவர் தரவில்லை. எளிதில் கழலாத வகையில், பந்துக்குள் பந்து சுழலும் மூட்டு ஒன்று இருக்கிறதாம், எலும்பு இடம் கொடுத்தால் அதை வைப்பாராம். சில மாதங்கள் நாற்காலிதான். தசைகள் தேறிய பிறகு முழங்கால்களை அகட்டி, மெதுவாக இறங்கிப் பார்க்கலாம். தன் அம்மாவும் பௌர்ணமிப் போயா தினத்தில் விகாரையில் முழந்தாளிட்டுக் கும்பிட முடியாமல் தவிக்கிறார் என்றார். உன் கதையையும் சொன்னேன். "அவர் எங்ககிட்ட கேட்டிருக்கலாமே" என்றார்.

கேட்டிருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் முன்னால் சத்தமாகப் பேசும் நீ, இதை மட்டும் கேட்க வெட்கப்பட்டாய். எனக்கு எதைக் கேட்கவும் வெட்கம், எப்படியோ இதைக் கேட்டுவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட்டுவிட்டேன். திங்கட்கிழமை வரை இந்த மனம் இன்னும் எத்தனை தடவை புரளுமோ. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். டாக்டர் சொல்லும்வரை இறங்கமாட்டேன். இறங்கும் முதல் சுஜூதை அந்த கிளினிக் தரையில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, பாய் விரித்துச் செய்வேன். கூச்சத்தில் செத்துப்போவேன், ஆனாலும் செய்வேன். அவர் வேண்டாம் என்று சொன்னால், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய், எல்லாரும் கீழே இருக்க, நான் மேலே இருந்து தலையைக் குனிவேன். வீட்டில் ஒளிந்துகொள்ளமாட்டேன்.

நீ உறங்கும் கப்றை அல்லாஹ் விசாலமாக்கட்டும்.

உன் தங்கையைக் கட்டிய, என்றும் உன் மச்சான்,
காசிம்
மாத்தளை